அரைப் புள்ளிக்கு அடங்காதவர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மனிதரின் ஆட்ட வாழ்க்கை. அவர் உலக சாம்பியன் ஆகவில்லை. உலக சாம்பியன் பட்டத்துக்கான இறுதி மோதலில் ஒருமுறைகூட அமரவில்லை. வாழ்நாளின் மிகப் பெரிய மோதலில் ஓர் அரைப் புள்ளிகூட எடுக்காமல் தோற்றார். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. 1948 முதல் 1985 வரை உலக சாம்பியன் பட்டத்தை வைத்திருந்தவர்கள் ஏழு பேர். போத்வின்னிக், ஸ்மிஸ்லோவ், தால், பெட்ரோசியன், ஸ்பாஸ்கி, ஃபிஷர், கார்போவ். இந்த ஏழு பேரையும் பலகையில் வீழ்த்தியவர் அவர். டென்மார்க் என்ற சிறிய நாட்டிலிருந்து தனி ஆளாகப் புறப்பட்டு, சோவியத் யூனியன் என்ற மாபெரும் சதுரங்கக் கோட்டையின் கதவை இருபது ஆண்டுகளுக்கு மேல் தட்டிக்கொண்டே இருந்தவர். அவர் பெயர் பெண்ட் லார்சன்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நான் சொல்ல விரும்பும் செய்தி ஒன்றே ஒன்று. தோல்வியைத் தவிர்ப்பதற்காக ஆடுகிறவன் ஒரு விளையாட்டை ஆடுகிறான். வெற்றியைத் தேடி ஆடுகிறவன் வேறொரு விளையாட்டை ஆடுகிறான். பலகை ஒன்றுதான், காய்கள் ஒன்றுதான், விதிகளும் ஒன்றுதான். ஆனால் விளையாட்டு வேறு. லார்சன் இரண்டாவது விளையாட்டை ஆடியவர். அதற்கான விலையையும் முகம் சுளிக்காமல் கொடுத்தவர்.

நண்பர்களே, கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

1935-ஆம் ஆண்டு மார்ச் 4. டென்மார்க்கின் வடமேற்கு மூலையில், தீஸ்டெட் என்ற ஊருக்கு அருகில் லார்சன் பிறந்தார். அதே மார்ச் மாதம் 16-ஆம் நாள், தலைநகர் கோபன்ஹேகனில் இன்னொரு மாபெரும் சதுரங்க மேதை கண்மூடினார். அவர் ஆரோன் நிம்சோவிச். ரீகா நகரில் பிறந்து, 1922-இல் கோபன்ஹேகனுக்கு வந்து அங்கேயே வாழ்ந்தவர். 'என் முறைமை' என்ற நூலை எழுதி ஒரு தலைமுறையின் சதுரங்கச் சிந்தனையைப் புரட்டிப் போட்டவர். நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் நிரப்பியே தீர வேண்டும் என்ற பழைய நம்பிக்கையைக் கேள்வி கேட்டவர். தூரத்திலிருந்து காய்களால் நடுவைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆடிக் காட்டியவர்.

ஒருவர் பிறந்ததற்கும் மற்றவர் மறைந்ததற்கும் இடையே பன்னிரண்டே நாட்கள். இதில் மாயம் எதையும் நான் தேடவில்லை. ஆனால் வரலாறு அந்த இரு பெயர்களையும் ஒன்றாகவே கட்டிவைத்திருக்கிறது. வெள்ளைக் காய்களோடு ஆடுபவர் முதல் நகர்த்தலில் ராணிப் பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளுவார். பிறகு அந்தச் சிப்பாயின் பின்னால் பிஷப்பை வைத்து, பலகையின் நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் பார்க்க வைப்பார். அந்தத் தொடக்க ஆட்டத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நிம்சோ-லார்சன் தாக்குதல். ஆசிரியரும் மாணவரும் நேரில் சந்திக்கவே இல்லை. ஆனாலும் ஒரே பெயர்ப்பலகையில் இருக்கிறார்கள்.

லார்சனின் குடும்பம் ஹோல்ஸ்டெப்ரோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1942-இல், ஆறு வயதில், உடல்நலம் குன்றியிருந்த நாட்களில் அவர் சதுரங்கம் கற்றார். அப்போது டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஊர்ச் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்தார். கையில் கிடைத்த பழைய புத்தகங்களில் கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்க ஆட்டத்தைப் பார்த்தார். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைத் தியாகமாக நீட்டி, தன் ராஜாவின் பாதுகாப்பையும் பணயம் வைத்துத் தாக்குதலுக்குப் போகும் ஆட்டம் அது. அன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் அதைக் கைவிட்டு நெடுநாளாகியிருந்தது. ஆபத்தானது என்று பெரியவர்கள் ஒதுக்கியதைச் சிறுவன் லார்சன் ஆசையோடு எடுத்துக்கொண்டான். ஒரு மனிதரின் ஆட்டக் குணம் எவ்வளவு சின்ன வயதிலேயே முளைவிடுகிறது, பாருங்கள்!

பிறகு கோபன்ஹேகனுக்குப் போய்க் கட்டடப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். படிப்பு முடியவில்லை. சதுரங்கம் அவரை எடுத்துக்கொண்டது. 1954-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பியாடில் டென்மார்க்கின் முதல் பலகையில் சிறப்பாக ஆடி சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே டென்மார்க் சாம்பியனும் ஆனார். அந்தப் பட்டத்தை மொத்தம் ஆறு முறை வென்றார்.

இரண்டே ஆண்டுகள் கழித்து 1956. மாஸ்கோ ஒலிம்பியாட். சோவியத் சதுரங்கத்தின் தலைநகரம், அவர்களுடைய அரங்கம், அவர்களுடைய ரசிகர்கள். முதல் பலகையில் உலக சாம்பியன் போத்வின்னிக்கே அமர்ந்திருக்கிறார். அந்த ஒலிம்பியாடில் முதல் பலகைக்கான தங்கப் பதக்கம் யாருக்குப் போனது? போத்வின்னிக்குக்குப் போகவில்லை. யூகோஸ்லாவியாவின் கிளிகோரிச்சுக்கும் போகவில்லை. இருபத்தொரு வயது டென்மார்க் இளைஞருக்குப் போனது! 18 ஆட்டங்களில் 14 புள்ளிகள். கிராண்ட்மாஸ்டர் பட்டம் கூடவே வந்தது.

இந்த இடத்தில் அன்றைய உலகத்தின் நிலையைச் சொல்லியாக வேண்டும். சோவியத் யூனியனில் சதுரங்கம் அரசின் காரியம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்க வட்டங்கள், தேர்ந்த பயிற்சியாளர்கள், ஆய்வாளர்கள், கூட்டாக உட்கார்ந்து தொடக்க ஆட்டங்களை அலசும் முகாம்கள் எல்லாம் இருந்தன. ஒரு கிராண்ட்மாஸ்டர் பலகையில் உட்கார்ந்தால் அவர் பின்னால் ஒரு பட்டாளமே இருந்தது. 1948 முதல் 1972 வரை உலகப் பட்டம் ஒரு நாள்கூட அந்த நாட்டைவிட்டு வெளியே போகவில்லை.

லார்சனுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? பட்டாளம் இல்லை. ஆய்வு முகாம் இல்லை. போட்டியில் வெல்லும் பரிசுப் பணத்திலும், எழுதும் கட்டுரைகளிலும் வயிறு வளர்க்க வேண்டிய தொழில்முறை ஆட்டக்காரர் அவர். தனி ஆள் பட்டாளத்தோடு மோத வேண்டும் என்றால் என்ன செய்வது?

லார்சன் கண்ட வழி இதுதான். பட்டாளம் தயாரித்து வைத்திருக்கும் பாதையில் போகாதே! எதிராளி வீட்டில் இருபது நகர்த்தல்கள் மனப்பாடம் செய்து வந்திருக்கிறாரா? அந்த இருபதையும் அவர் பயன்படுத்த முடியாத இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டு போ! இனி நானும் யோசிக்க வேண்டும், நீயும் யோசிக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கு! அதனால்தான் யாரும் எடுக்காத தொடக்க ஆட்டங்களை அவர் எடுத்தார். தூசி படிந்து கிடந்த பிஷப்ஸ் ஓபனிங்கை 1964-இல் உலகத் தரப் போட்டியில் மீண்டும் ஆடி உயிர் கொடுத்தார். பாட நூல்கள் ஓரத்திலேயே விட்டுவைக்கச் சொன்ன ஓரச் சிப்பாய்களை, துணிந்து முன்னே அனுப்பினார். மற்றவர்கள் வினோதம் என்றார்கள். அவருக்கு அது வேலைத்திட்டம்.

இந்த வழி உடனே பலித்துவிட்டதா? இல்லை. 1958-இல் போர்ட்டோரோஸில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இன்டர்சோனல் போட்டியில் பட்டியலின் கீழ்ப்பகுதியில் முடித்தார். அடுத்த சில ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமுமாகப் போயின. மாஸ்கோவில் மின்னிய இளைஞர் மங்கிவிட்டார் என்று உலகம் எண்ணத் தொடங்கிய நேரத்தில்தான், 1964-இல் ஆம்ஸ்டர்டாம் இன்டர்சோனல் வந்தது. 23 ஆட்டங்கள் கொண்ட நெடிய போட்டி. ஸ்மிஸ்லோவ், ஸ்பாஸ்கி, தால் என்ற மூன்று சோவியத் மலைகளோடு சேர்ந்து, 17 புள்ளிகளுடன், முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார் லார்சன்.

நண்பர்களே, இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இளையவர்கள் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். சதுரங்கத்தில் வென்றால் ஒரு புள்ளி, டிரா செய்தால் அரைப் புள்ளி, தோற்றால் சுழியம். பத்து ஆட்டங்கள் கொண்ட போட்டி. ஒருவர் பத்தையும் டிரா செய்கிறார். தோல்வியே இல்லை, கிடைப்பது 5 புள்ளி. இன்னொருவர் மூன்று ஆட்டங்களில் தோற்கிறார், ஒன்றை டிரா செய்கிறார், ஆறில் வெல்கிறார். அவருக்கு ஆறரைப் புள்ளி. மூன்று முறை அடிபட்டவர் மேலே இருக்கிறார். ஒருமுறையும் அடிபடாதவர் கீழே இருக்கிறார்!

கணக்கு எளிதுதான். அதன்படி வாழ்வதுதான் கடினம். தோல்வி வலிக்கும். அன்றிரவு தூக்கம் வராது. மறுநாள் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே துணிச்சலோடு மறுபடியும் ஆட வேண்டும். இதைச் செய்யக்கூடிய நெஞ்சு எத்தனை பேருக்கு இருக்கிறது? லார்சனுக்கு இருந்தது. தோற்ற மறுநாள் அவர் இன்னும் ஆபத்தானவராக இருந்தார்.

அந்த நெஞ்சு என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 1966, அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரில் பியாதிகோர்ஸ்கி கோப்பை. எதிரே டிக்ரான் பெட்ரோசியன். அப்போதைய உலக சாம்பியன். சதுரங்க வரலாற்றில் வீழ்த்துவதற்கு மிகக் கடினமானவர் என்று பெயரெடுத்தவர். எங்கே ஆபத்து வரும் என்பதை ஐந்து நகர்த்தல்களுக்கு முன்பே மோப்பம் பிடித்து அடைத்துவிடுவார். அவரிடம் டிரா வாங்கினாலே பெருமை என்று நினைத்தவர்கள் பலர்.

லார்சன் வெள்ளைக் காய்களோடு ஆடுகிறார். ராஜா பக்கத்தில் சிப்பாயை முன்னே தள்ளித் தாக்குதலைத் தொடங்குகிறார். ராணியை எதிரி ராஜாவின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறார். இருபத்தைந்தாவது நகர்த்தல். அரங்கமே நிமிர்ந்து உட்காருகிறது. லார்சனின் ராணி, பெட்ரோசியனின் ராஜாவுக்கு முன்னே நிற்கும் சிப்பாயை வெட்டி, அந்தக் கட்டத்திலேயே நிற்கிறது. பக்கத்துச் சிப்பாய் அதை எடுத்துவிடலாம். பலகையிலேயே மிகப் பெரிய காயை, இந்தா எடுத்துக்கொள் என்று உலக சாம்பியனிடம் நீட்டுகிறார்!

எடுத்தால் என்ன ஆகும்? அந்தச் சிப்பாய் இடம் பெயர்ந்ததும் ஒரு மூலைவிட்டம் திறக்கும். அதில் லார்சனின் பிஷப் பாய்ந்து வந்து செக் சொல்லும். அதன் பின்னால் இரண்டு யானைகள் காத்திருக்கின்றன. பெட்ரோசியன் குதிரையைக் குறுக்கே விட்டுத் தப்பிக்கப் பார்த்தார். கடைசியில் ராணியை எடுத்தே ஆகவேண்டி வந்தது. பிஷப் வந்தது. யானைகள் வந்தன. ராஜாவுக்கு ஓட வழியில்லை. முப்பதாவது நகர்த்தலோடு உலக சாம்பியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அதே போட்டியில் பெட்ரோசியனை அவர் இரண்டு முறை வீழ்த்தினார். ஃபிஷரையும் ஓர் ஆட்டத்தில் வென்றார். ஸ்பாஸ்கிக்கும் ஃபிஷருக்கும் அடுத்து மூன்றாம் இடம் பிடித்தார். பாதுகாப்பாக ஆடியிருந்தால் அந்த ராணித் தியாகம் பிறந்திருக்குமா? டிராவுக்கு ஆடியிருந்தால் அறுபது ஆண்டு கழித்து நாம் இந்த அரங்கில் அந்த ஆட்டத்தைப் பேசிக்கொண்டிருப்போமா?

அடுத்த ஆண்டு, 1967, லார்சனின் ஆண்டு. ஹவானாவில் முதலிடம். வின்னிபெக்கில் ஜெர்மனியின் தார்காவோடு முதலிடம். துனிசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனலில் முதலிடம். அந்தப் போட்டியில் முன்னணியில் இருந்த ஃபிஷர் அமைப்பாளர்களோடு முரண்பட்டு வெளியேறிவிட்டார் என்பது உண்மை. ஆனால் மிஞ்சியிருந்த பெரும்புள்ளிகள் எல்லோரையும் லார்சன் ஒன்றரைப் புள்ளி இடைவெளியில் பின்னுக்குத் தள்ளினார் என்பதும் உண்மை. அடுத்துப் பால்மா தெ மயோர்க்காவிலும் முதலிடம். அந்த ஆண்டில்தான் சதுரங்கச் செய்தியாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு செஸ் ஆஸ்கர் என்ற விருதை ஏற்படுத்தினார்கள். முதல் விருது யாருக்கு? உலக சாம்பியனுக்கு இல்லை. ஃபிஷருக்கு இல்லை. பெண்ட் லார்சனுக்கு.

இப்போது 1970-க்கு வருவோம். பெல்கிரேட் நகரில் ஒரு மாபெரும் மோதல். ஒரு பக்கம் சோவியத் யூனியன், மறுபக்கம் மீதி உலகம் முழுவதும். பக்கத்துக்குப் பத்துப் பலகைகள், நான்கு சுற்றுகள். உலக அணியின் முதல் பலகையில் யார் உட்காருவது என்ற கேள்வி எழுந்தது. ஃபிஷர்தான் என்று எல்லோரும் எண்ணினார்கள். லார்சன் எழுந்து நின்றார். அண்மைக் காலத்தில் ஃபிஷர் அதிகம் ஆடவில்லை. போட்டிகளை வென்று வந்தவன் நான். முதல் பலகை எனக்குரியது என்றார். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத ஃபிஷர், அன்று விட்டுக்கொடுத்தார். அரங்கமே வியந்தது.

முதல் பலகை கேட்பது எளிது. அதில் உட்கார்ந்தால் எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி இருப்பார். முதல் சுற்று டிரா. இரண்டாம் சுற்றில் லார்சனுக்கு வெள்ளை. தன் பெயர் பெற்ற அந்தத் தொடக்க ஆட்டத்தையே எடுத்தார். குதிரைச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னே. ஆனால் அன்று நகர்த்தல்களின் வரிசையில் தடுமாறினார். ஸ்பாஸ்கி மின்னலாகப் பாய்ந்தார். பதினான்காவது நகர்த்தலில் ஒரு யானையைத் தியாகம் செய்தார். பதினேழாவது நகர்த்தலில் எல்லாம் முடிந்தது. சதுரங்க உலகின் கண்களெல்லாம் பார்த்திருக்க, முதல் பலகையைக் கேட்டு வாங்கிய மனிதர் பதினேழே நகர்த்தல்களில் நொறுங்கினார். அந்த ஆட்டம் இன்றுவரை நூற்றுக்கணக்கான புத்தகங்களில் இருக்கிறது.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மீதி ஆட்டங்களை எப்படியாவது டிரா செய்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று நினைத்திருப்பார். லார்சன் என்ன செய்தார்? மூன்றாம் சுற்றில், கறுப்புக் காய்களோடு, அதே ஸ்பாஸ்கியை, அதே உலக சாம்பியனை வீழ்த்தினார்! நான்காம் சுற்றில் ஸ்பாஸ்கிக்குப் பதிலாக வந்த லியோனிட் ஸ்டெய்னையும் வீழ்த்தினார். நான்கு ஆட்டங்களில் இரண்டரைப் புள்ளி. மோதலை சோவியத் அணி இருபதரைக்குப் பத்தொன்பதரை என்ற மிகச் சிறிய இடைவெளியில்தான் வென்றது. பதினேழு நகர்த்தல் தோல்வியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த சுற்றின் வெற்றியை எத்தனை பேர் சொல்கிறார்கள்? இளைய நண்பர்களே, நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த அடுத்த சுற்றைத்தான்.

அதே ஆண்டின் இறுதியில் பால்மா இன்டர்சோனல். ஃபிஷர் எவரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் முதலிடம் பெற்ற போட்டி. அந்தப் போட்டி முழுவதிலும் ஃபிஷர் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். அவரைத் தோற்கடித்த அந்த ஒரே மனிதர் லார்சன்.

இப்படித்தான் 1971-ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவின் டென்வர் நகரத்தில், ஃபிஷரும் லார்சனும், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் அரையிறுதியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஃபிஷர் அதற்கு முந்தைய மோதலில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் தைமானோவை 6–0 என்று துடைத்தெறிந்துவிட்டு வந்திருந்தார். கடும் கோடை. லார்சனுக்கு அந்த வெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் உடல்நலமும் கெட்டது. முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவதில் தோற்றார். டிராவுக்கு ஒதுங்கியிருக்கக்கூடிய நிலைகள் வந்தபோதும் வெற்றியைத் தேடிப் போனார், தோற்றார். முடிவு 6–0. உலகின் தலைசிறந்த நான்கைந்து பேரில் ஒருவர், ஆறு ஆட்டங்களில் ஓர் அரைப் புள்ளிகூட இல்லாமல் வெளியேறினார்.

இந்த இடத்தை நான் மழுப்பப் போவதில்லை. லார்சனின் ஆட்ட முறைக்கு ஓர் எல்லை இருந்தது. பதினைந்து இருபது பேர் ஆடும் போட்டியில் துணிச்சல் லாபம் தரும். பலவகை ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். இரண்டு பேரிடம் தோற்றாலும் எட்டுப் பேரை வென்றுவிடலாம். தனி மோதலில் அப்படி இல்லை. எதிரே எப்போதும் ஒரே ஆள், அவரும் உலகின் மிக வலிமையான ஆள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு துணிச்சலையும் அவர்தான் சோதிப்பார். அதனால்தான் இன்டர்சோனலில் மூன்று முறை முதலிடம் பெற்ற லார்சன், கேண்டிடேட்ஸில் மூன்று முறை அரையிறுதியோடு நின்றார். 1965-இல் தாலிடம் கடைசி ஆட்டம்வரை சமமாகப் போராடித் தோற்றார். 1968-இல் ஸ்பாஸ்கியிடம் தோற்றார். 1971-இல் ஃபிஷரிடம் தோற்றார். மூன்று முறை அவரை நிறுத்திய அந்த மூன்று பேரும் யார்? ஒருவர் முன்னாள் உலக சாம்பியன். மற்ற இருவர், லார்சனை வென்ற அடுத்த ஆண்டே உலக சாம்பியன் ஆனவர்கள்.

சரி, டென்வரோடு கதை முடிந்ததா? பலர் முடித்துவிடுகிறார்கள். புத்தகங்கள் சிலவும் அங்கேயே முடித்துவிடுகின்றன. ஆனால் லார்சன் முடிக்கவில்லை!

1972-இல் இங்கிலாந்தின் டீசைடில் முதலிடம். 1973-இல் மணிலாவில் முதலிடம். 1976-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்தில் இன்டர்சோனல். பெட்ரோசியன், தால், போர்டிஷ் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் அனைவரையும் அரைப் புள்ளியில் முந்தித் தனி முதலிடம் பெற்றார் லார்சன். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. 1979-இல் பியூனஸ் அயர்ஸில் 13 ஆட்டங்களில் 11 புள்ளி. அடுத்து வந்தவர்களுக்கும் அவருக்கும் இடைவெளி மூன்று முழுப் புள்ளிகள். அடுத்து வந்தவர்களில் ஒருவர் ஸ்பாஸ்கி!

அதே 1979-இல் மாண்ட்ரியலில், உலக சாம்பியன் கார்போவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு ஸ்காண்டிநேவியன் தற்காப்பை ஆடினார். வெள்ளை ராஜாச் சிப்பாயை முன்னே வைத்ததும், கறுப்பு முதல் நகர்த்தலிலேயே அதனோடு மோதும் ஆட்டம் அது. கறுப்பு ராணி சீக்கிரமே வெளியே வந்துவிடும் என்பதால் அன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் அதை மதிக்கவில்லை. அந்தப் போட்டி மொத்தத்தில் லார்சனுக்கு நன்றாகப் போகவில்லை. ஆனாலும் மதிக்கப்படாத அந்த ஆட்டத்தைக் கொண்டே, போட்டியில் தாலோடு முதலிடத்தைப் பகிர்ந்த கார்போவை வென்றார். இன்று அந்தத் தற்காப்பை உலகெங்கும் எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள்! இந்த அரங்கிலேயே சிலர் தலையாட்டுவதைப் பார்க்கிறேன்.

1988-இல் லாங் பீச்சில் நடந்த போட்டியில் டீப் தாட் என்ற கணினியிடம் லார்சன் தோற்றார். முறையான போட்டி ஆட்டத்தில் ஒரு கணினியிடம் தோற்ற முதல் கிராண்ட்மாஸ்டர் என்று வரலாறு அவர் பெயரை எழுதிக்கொண்டது. ஐம்பத்து மூன்று வயதிலும் புதிய எதிரியின் எதிரே உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். பின்னாளில் அர்ஜென்டினாவைத் தன் வீடாக்கிக்கொண்டார். நீரிழிவு நோயோடு போராடியபடியே எழுதினார், ஆடினார். 2010 செப்டம்பர் 9 அன்று, எழுபத்தைந்தாவது வயதில், பியூனஸ் அயர்ஸில் மறைந்தார்.

நண்பர்களே, இவ்வளவு தூரத்தில் இருந்த இந்த மனிதருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஓர் உண்மையான தொடர்பு இருக்கிறது. லார்சன் சதுரங்கம் கற்ற அதே ஹோல்ஸ்டெப்ரோ ஊரில் 1973-இல் இன்னொருவர் பிறந்தார். அவர் கிராண்ட்மாஸ்டர் பீட்டர் ஹைனே நீல்சன். 2002 முதல் பத்தாண்டுகள் நம் விஸ்வநாதன் ஆனந்தின் பக்கத்தில் இருந்து, ஆட்டங்களை ஆராய்ந்து, தயாரிப்புக்குத் துணை நின்றவர் அவர். 2007-இல் மெக்சிகோ சிட்டி, 2008-இல் பான், 2010-இல் சோஃபியா, 2012-இல் மாஸ்கோ என்று ஆனந்த் உலகப் பட்டம் வென்ற அந்த நான்கு முறையும் அவருடைய அணியில் நீல்சன் இருந்தார். பின்பு நார்வேயின் கார்ல்சனோடு சேர்ந்தார். ஆனாலும் 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியபோது, பழைய நட்பை மதித்து, ஆனந்துக்கு எதிராக வேலை செய்யாமல் ஒதுங்கி நின்றார். லார்சன் வளர்ந்த சிற்றூருக்கும் நம் சென்னைக்கும் இடையே இப்படி ஒரு பாலம் இருக்கிறது.

இப்போது நான் முடிவுக்கு வருகிறேன். இந்த மாநிலம் இன்று சதுரங்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் உலக நாடுகளெல்லாம் கூடி ஒலிம்பியாட் ஆடின. தெருவுக்குத் தெரு பயிற்சி வகுப்புகள் வந்துவிட்டன. மகிழ்ச்சி. ஆனால் சிறுவர் போட்டிகள் நடக்கும் மண்டபங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? ரேட்டிங் எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்பதுதானே? அந்தக் கேள்விக்குப் பயந்து, பலம் கூடிய எதிராளியைக் கண்டதும் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களில் கைகுலுக்கி டிரா வாங்கிக்கொண்டு எழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது என் மனம் வருந்துகிறது. காய்கள் இன்னும் பலகையில் இருக்கின்றன, சண்டை இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் எழுந்துவிட்டால் எப்போது கற்பது?

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தோற்று வந்தால் புள்ளியைக் கேட்காதீர்கள். என்ன திட்டம் போட்டாய், எங்கே துணிந்தாய், எந்த இடத்தில் தவறியது என்று கேளுங்கள். பயிற்சியாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மனப்பாட வரிசைகளைக் கற்பிக்கும் அதே அளவு நேரம், மனப்பாடம் தீர்ந்துபோன இடத்தில் சொந்தமாக யோசிக்கவும் கற்பியுங்கள். இளைய நண்பர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். லார்சன் பெட்ரோசியனை வென்ற 1966 ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். அதோடு ஸ்பாஸ்கியிடம் பதினேழு நகர்த்தலில் தோற்ற ஆட்டத்தையும், அடுத்த சுற்றில் அவரையே வென்ற ஆட்டத்தையும் ஆடிப் பாருங்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் தெரிவார்.

மகுடம் சூடியவர்களின் பட்டியலில் பெண்ட் லார்சன் பெயர் இல்லை. ஆனால் தன் காலத்தில் மகுடம் சூடிய ஏழு பேரையும் வீழ்த்தியவர் அவர். வெல்ல ஆடுங்கள். தோற்றால் மறுநாள் மீண்டும் வெல்லவே ஆடுங்கள். அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.